எரிந்தாலும் விடாத நாக்கு

அந்தமானின் பாராடாங் தீவுப் படகுத்துறையிலிருந்து மாலையில் கிளித் தீவுக்குப் படகுகள் கிளம்புகின்றன. அலையாத்தி மரங்கள் அடர்ந்த குட்டித் திட்டு அது. பொழுது சாயும் நேரத்தில் சுற்றுவட்டக் காடுகளில் இரை தேடிய கிளிகள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து அடையும். சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்த்த கையோடு போர்ட் பிளேயர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்) திரும்பிவிடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை. அதற்கு ஓர் இரவு தங்கவேண்டும்.

மனிதர்கள் ஏன் காரத்துக்கு ஏங்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேட இந்தக் கிளிகளிடமிருந்து தொடங்கலாம். கிளி மிளகாய்ப் பழம் தின்னும் என்பது வீட்டில் கிளி வளர்த்த தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பழத்தை ஒரு காலில் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கொறிக்கும். கண் கலங்காது, தண்ணீர் தேடாது. காரத்தைத் தாங்கும் சக்தி அதற்கு அதிகம் என்று நினைத்துவிடக்கூடாது; கிளிக்கு எரிவதே இல்லை.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போல மிளகாயின் காரம் நாவரும்புகள் அறியும் சுவை அன்று. அது வலி உணர்வு. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், நரம்பு முனைகளில் இருக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் மூளைக்கு எச்சரிக்கை அனுப்புவதும் இதே புரதம்தான். எனவே மிளகாயைக் கடித்ததும் ‘வாய் சுடுகிறது’ என்று மூளை நம்பிவிடுகிறது. முகம் வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் நீர் வருகிறது. உண்மையில் வாயின் சூடு கூடியிருக்காது. இந்தப் புரதத்தை 1997இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் அவர் பகிர்ந்துகொண்டதற்கு இந்த ஆய்வு அடித்தளமாக இருந்தது.

பறவைகளுக்கும் இந்தப் புரதம் உண்டு. சூட்டை உணரவும் செய்கிறது. ஆனால் அதன் அமைப்பில் உள்ள சிறிய வேறுபாட்டால் கேப்சைசின் அதைத் தூண்டுவதில்லை. இது 2002இல் ஜூலியஸ் ஆய்வகத்திலேயே உறுதியானது. மிளகாய்ச் செடிக்கு இதனால் பெரிய லாபம். எலி போன்ற பாலூட்டிகள் விதையை மென்று அழித்துவிடும். பறவையின் குடல் வழியே போன விதையோ முளைக்கும் திறன் கெடாமல் வெளியே வரும். ஜோஷுவா டூக்ஸ்பரியும் கேரி நப்ஹானும் அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்து 2001இல் இதை நிறுவினார்கள். விதையை அழிப்பவனை விரட்டவும், பரப்புபவனை வரவழைக்கவும் செடி கண்டுபிடித்த வழிதான் காரம். இதில் கிளி நல்ல கூட்டாளி என்று சொல்ல முடியாது. அதன் அலகு விதையையும் உடைத்துவிடும். சின்னான் குருவி, மைனா போன்றவைதான் பழத்தை விழுங்கி விதையைப் பரப்புகின்றன. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் யாரும் விதைக்காமல் வேலியோரத்தில் காந்தாரிச் செடி முளைத்து நிற்பது இப்படித்தான். வங்காளிகள் தானி லங்கா என்று கொண்டாடுவதும் இதே போன்ற ஊசி மிளகாய்தான்.

அந்தமான் காடுகளுக்கு மிளகாய் பூர்வீகம் அல்ல. தென் அமெரிக்காவில் தோன்றி, போர்த்துகீசியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்தது அது. பாராடாங்கை ஒட்டிய தெற்கு, மத்திய அந்தமான் காடுகளில் வாழும் ஜாரவா மக்கள் காட்டுப் பன்றி, மீன், தேன், கிழங்கு என்று தலைமுறை தலைமுறையாக மிளகாய் இல்லாமலேயே சாப்பிட்டு வந்தவர்கள். தீவுகளின் சமையலுக்குக் காரத்தைக் கொண்டுவந்தவர்கள் குடியேறிகளே. ராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு காரத்தோடு வந்தார்கள். உடல் எல்லாருக்கும் ஒன்றுதான்; ஜாரவா நாக்கிலும் தமிழ் நாக்கிலும் இருப்பது அதே வலி நரம்பு. காரப் பிரியம் பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை, பழகித்தான் வருகிறது என்பதற்கு இந்தத் தீவுகளே சாட்சி.

பாலூட்டிகளில் விரும்பி மிளகாய் தின்னும் இன்னொரு பிராணியும் உண்டு: மர மூஞ்சூறு. சீனாவின் குன்மிங்கில் உள்ள விலங்கியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை 2018இல் விளக்கினார்கள். அதன் டி.ஆர்.பி.வி.1 புரதத்தில் நேர்ந்த ஒரு மாற்றத்தால் கேப்சைசின் அதற்கு மிகக் குறைவாகவே உறைக்கிறது. அந்த இனத்தின் உறவுக்கார மர மூஞ்சூறு ஒன்று பெரிய, சிறிய நிக்கோபார் தீவுகளில் மட்டும் வாழ்கிறது. ஆனால் அதற்கும் மிளகாய் குறைவாகத்தான் உறைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆக, கிளி தின்கிறது, அதற்கு எரியாது. மர மூஞ்சூறு தின்கிறது, அதற்கு எரிவது குறைவு. நன்றாக எரிந்தும் ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று கேட்பது கிட்டத்தட்ட மனிதன் மட்டுமே.

இதைத்தான் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் ஆராய்ந்தார். அங்கே நாய்களும் பன்றிகளும் நாள்தோறும் காரமான மிச்சம் மீதியைத்தான் தின்கின்றன. ஆனாலும் காரமுள்ளதும் இல்லாததும் சேர்த்து வைத்தால் காரத்தை அவை விரும்பித் தேடவில்லை. பழக்கம் மட்டும் போதாது என்பது இதில் தெளிவாகிறது. குழந்தைகளோ ஐந்து வயது தாண்டியதும் தாங்களாகவே மிளகாயைத் தொட்டுக்கொள்ளத் தொடங்குகிறார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறார்கள்.

ராட்டினத்தில் தலைகீழாகச் சுழலும்போது உடல் பயந்து அலறும், மனமோ ஒன்றும் ஆகாது என்று அறிந்திருக்கும். காரத்திலும் அதுவே நடக்கிறது என்கிறார் ரோசின். ஆபத்தில்லை என்று தெரிந்த வலியை ரசிக்கும் குணம் அது. எரிச்சலைத் தணிக்க மூளை சுரக்கும் எண்டார்ஃபின்களும் அந்த இன்பத்தில் பங்கு வகிக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட நரம்பு முனைகளின் கூர்மை மழுங்குவதும் உண்மை. நேற்றுச் சுள்ளென்று இருந்த குழம்பு அடுத்த மாதம் சப்பென்று இருப்பது அதனால்தான்.

வெப்ப நாட்டில் வியர்த்துக் குளிரவே காரம் என்று ஒரு விளக்கம் பலகாலமாக உண்டு. பாராடாங் போன்ற ஈரப்பதம் மிகுந்த தீவில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. மசாலா கிருமிகளைக் கொல்வதால்தான் வெப்ப நாடுகளில் காரம் பெருகியது என்று பால் ஷெர்மனும் ஜெனிஃபர் பில்லிங்கும் 1998இல் வாதிட்டார்கள். ஆனால் 2021இல் லிண்டெல் ப்ரோமாம் தலைமையிலான ஆய்வு, எழுபது சமையல் மரபுகளின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகளை அலசி, அந்த விளக்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கண்டது.

ஒரே வீட்டில் ஒருவர் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட, இன்னொருவர் மிளகு ரசத்துக்கே கண்கலங்குவது ஏன்? மரபணுவுக்கும் இதில் கணிசமான இடம் உண்டு என்று 2012இல் பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. புதிய அனுபவங்களைத் தேடும் இயல்புள்ளவர்கள் காரத்தை அதிகம் விரும்புவதை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு கண்டறிந்தது.

அடுப்படியில் இந்த அறிவியல் நேரடியாகப் பயன்படும். மிளகாயை நெடுக்காகப் பிளந்தால் விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர் நிறத் தசை தெரியும். காரம் ஊறுவது அங்கேதான். அதை நீக்கிவிட்டால் மணம் தங்கும், உறைப்பு பெருமளவு குறையும். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் எத்தனை தம்ளர் குடித்தாலும் வாய் எரிச்சல் அடங்காது. பாலும் தயிரும் பலன் தரும்.

நெஞ்செரிச்சலும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்கள் காரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளிடம் ‘இதுகூட உறைக்குதா?’ என்று கேலி செய்து திணிக்கவும் வேண்டாம். பிஞ்சு வாய்க்கு அந்த வலி நிஜமானது. பெரியவர்களோடு பந்தியில் உட்கார்ந்து, விரல் நுனியில் தொட்டுப் பார்க்கும் அளவிலிருந்து அவர்களே தொடங்கட்டும்.