வீட்டுப் பிளான் வாங்குகிறவர்களுக்கு

சொந்த வீடு கட்டவேண்டும் என்ற ஆசை மனிதருக்கு எந்த வயதில் உண்டாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் உண்டான மறுநாளே வீட்டில் காகிதமும் பென்சிலும் நடமாடத் தொடங்கிவிடும் என்பது மட்டும் நிச்சயம். செங்கற்பட்டு ஜில்லாவில் இப்போது இந்த ஆசை இரண்டு ரூபங்களில் காணப்படுகிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையில் கடலோரத்தில் ஒற்றை அறைக் குடில் ஒன்று போட்டு, விடுமுறை நாட்களில் போய்த் தங்கவேண்டும் என்பது ஒன்று. செங்கற்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரிப் பக்கங்களில் அரைக் கிரவுண்டு மனையில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டினாற்போல் மாடி வீடு கட்டவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆயத்தப் பிளான்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் பல, பனி பெய்யும் தேசங்களுக்கென்று வரையப்பட்டவை. வெயிலை வீட்டுக்குள் எப்படி வரவழைப்பது என்பதே அவற்றின் கவலை. நம்முடைய கவலையோ நேர் மாறானது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குடிலுக்குப் பிளான் தேடுகிறவர்கள் முதலில் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களிடம் போய் நிற்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அங்கே வரிசையில் வடகோடியில் இருப்பது திரௌபதி ரதம். ஏறக்குறைய 11 அடிச் சதுரம், 18 அடி உயரம், ஒரே அறை, ஒரே வாசல். கோயில் என்று பெயரேயொழிய, 7-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில் மக்கள் வசித்த கூரைக் குடிசையின் உருவந்தான் அது. வைக்கோலும் மூங்கிலும் மழையில் அழிந்து போயின. பல்லவர் காலத்துச் சிற்பிகள் அவற்றைப் பாறையில் செதுக்கி வைத்ததனால் அந்தக் குடிசை இன்றும் நிற்கிறது. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்த பெருமைக்குரிய சிற்பத் தொகுதியிலே ஓர் ஏழையின் குடிசையும் இடம் பெற்றிருப்பது எத்தனை பேர் கண்ணில் படுகிறது?

அதன் கூரையைச் சற்றுக் கவனியுங்கள். நான்கு புறமும் சரிந்து உச்சியில் ஒரு முனையில் கூடுகிறது. சிற்பிகள் புயலை நினைத்துச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, மற்ற இரண்டு பக்கம் முக்கோணச் சுவராக நிற்கும் கூரையைக் காட்டிலும், நான்கு பக்கமும் சரிந்த கூரையைப் பிடித்துத் தூக்குவது காற்றுக்குக் கடினம் என்பது இன்றைய பொறியியல் கண்ட உண்மை. 2022 டிஸம்பர் 9-ஆந் தேதி இரவு மாண்டஸ் புயல் கரை கடந்தது இதே மாமல்லபுரத்தின் அருகில்தான். புயலின் மையம் கடந்து போகும்போது காற்று ஒரு திசையில் அடித்து ஓய்ந்து, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். ஆகையால் கடற்பக்கத்தை மட்டும் பலப்படுத்திவிட்டுக் கொல்லைப் பக்கத்தை மறந்த பிளான் உதவாது. தாழ்வாரம் அவசியம் வேண்டும். சாரலையும் வெயிலையும் தடுப்பது அதுதான். ஆனால் அதன் கூரை வீட்டுக் கூரையின் நீட்டமாக இல்லாமல் தனியாக இருக்கட்டும். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனாலும் வீட்டுக் கூரை தப்பும்.

இதே யோசனையை வேறொரு வடிவில் பார்க்க விரும்புவோர், வழியில் முட்டுக்காட்டில் இறங்கி தக்ஷிணசித்ராவுக்குள் நுழையலாம். லாரி பேக்கர் வடிவமைத்து 1996-இல் திறக்கப்பட்ட அந்த இடத்தில், தென்னாட்டின் பழைய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஆந்திரக் கடற்கரையின் வட்டமான மண் வீடு ஒன்றும் அங்கே உண்டு. மூலையே இல்லாத சுவரைச் சுற்றிக் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. வட்ட அறையில் பீரோவை எங்கே வைப்பது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடுமுறைக் குடிலில் பீரோ எதற்கு என்பது நமது எதிர்க் கேள்வி.

கடற்கரையில் காற்றைவிடப் பொல்லாதது உப்பு. காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அது சத்தமின்றித் தின்றுவிடும். கடற்காற்று நேரே படும் காங்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனம் இருக்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் விதிக்கிறது. உப்பும் மழையும் தாக்காத இடத்துக்கு 20 போதும். உள்நாட்டு வீட்டுக்குப் போட்ட பிளானைக் கொண்டுவந்து கடலோரத்தில் அப்படியே கட்டினால், சில வருஷங்களில் கூரையின் அடிப்புறம் பெயர்ந்து விழுவதன் காரணம் இதுவே. கிணற்றுத் தண்ணீர் உப்பாயிருந்தால் அதைக்கொண்டு கலவை போடவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த மனையில் கட்டவே அனுமதி உண்டா? பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குத் தொல்லியல் அனுமதி பெறவேண்டும் என்று 2010-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. கரையோர ஒழுங்குமுறை அறிவிக்கையோ கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பார்க்கிறது. மனை எந்த வகைப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கரையோரமாக 50 மீட்டரோ 200 மீட்டரோ புது வீடு எழுப்ப முடியாது. 2004 டிஸம்பர் 26-ஆந் தேதி காலையில் கடல் எதுவரை வந்தது என்பதைக் கண்டவர்கள் இந்த எல்லைகளைக் குறித்து முணுமுணுக்க மாட்டார்கள். “கடல் தெரியும் மனை” என்று தரகர் சொல்லும்போது, எத்தனை மீட்டர் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய குடிலுக்கு இடிக்கும்படி நோட்டீஸ் வந்தால், பிளானின் அழகு யாருக்கு ஆறுதல் தரும்?

இனி தெருவோர வீட்டுக்கு வருவோம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு மேல்நாட்டுப் புதுமை என்று நினைப்பவர்கள், நம்முடைய பழைய தெருக்களை, முக்கியமாக அக்கிரகாரங்களை மறந்துவிட்டார்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று ரயில் வண்டிபோல் நீண்ட வீடுகள் அவை. இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்க வழியில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, வெளிச்சத்தையும் காற்றையும் மேலிருந்து இறக்கினார்கள். அதுதான் முற்றம்.

அரைக் கிரவுண்டு என்பது 1200 சதுர அடி. 20 அடி அகலமும் 60 அடி நீளமுமான மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவர்கள் அடைபட்டவை. முன்னும் பின்னும் உள்ள அறைகளுக்கு ஜன்னல் உண்டு. நடுவில் அகப்பட்ட அறைக்குப் பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். விற்பனைப் பிளான்கள் அந்த நடு இருட்டிலே கொண்டுபோய் வைப்பது பெரும்பாலும் சமையலறையை அல்லது தாத்தா பாட்டியின் அறையை. அவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்ற தைரியந்தான். நடுவே எட்டடிக்கு எட்டடி ஒரு முற்றம் விட்டால் இழப்பது 64 சதுர அடி. பெறுவது இரண்டு மாடிகளுக்கும் வெளிச்சம், உஷ்ணக் காற்று மேலே போக ஒரு வழி, மழைநீரை நேரே தொட்டிக்குள் விட ஒரு வாய். மழைநீர்ச் சேகரிப்பு நம் மாகாணத்தில் 2003 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். மாடிப்படியை முற்றத்தின் ஓரமாகப் போட்டால் படிக்கும் தனி விளக்கு வேண்டாம். திருடருக்கும் குரங்குக்கும் பயந்து மேலே கம்பி போடலாம். ஆனால் கண்ணாடியால் இறுக மூடுகிறவர்கள் வீட்டின் நடுவே அடுப்பு வைத்துக்கொள்கிறார்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாரி பேக்கர் 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் இந்தியப் பிரஜையாக மறைந்தவர். வாலிபத்தில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். லட்சியக் கிராமத்து வீடு, ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே கட்டப்படவேண்டும் என்ற காந்தியின் வாக்கை அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். இன்று அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுவது கஷ்டந்தான். ஆயினும் செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுவரின் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’க் கட்டை அவர் நாடெங்கும் பரப்பினார். செங்கல்லில் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம்; நடுவிலுள்ள காற்று, வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. பிளானில் இதைக் குறிப்பிடாவிட்டால் மேஸ்திரி தாமாகச் செய்யமாட்டார்.

2024 ஜூலையில் தமிழ்நாட்டு அரசாங்கம் சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, அலுவலகத்துக்கு நடையாய் நடக்காமல் அனுமதி கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் பிளான் விதிப்படி இருக்கிறது என்று சான்று கூறும் பொறுப்பு இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. மேலே சொன்ன தொல்லியல், கரையோரத் தடைகளையும் அந்தச் சான்று நீக்கிவிடாது.

கையெழுத்துப் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மனைக்குப் போங்கள். பிளானில் உள்ளபடியே முழு அளவில் தரையில் கோடு போடுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை எவ்வளவு சிறியது என்பது காகிதத்தில் தெரியாது, தரையில் தெரியும். கட்டில் இருக்கும் இடத்தில் ஒரு பாயை விரித்து, கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நின்று பாருங்கள். பிறகு வீட்டுப் பெண்களை அந்தக் கோடுகளுக்குள்ளே நடக்கவிட்டு, அவர்கள் கேட்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஈரத் துணியை எங்கே உலர்த்துவது என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நாம் பார்த்த விலைக்குப் பிளான்களில் ஒன்றிலாவது அதற்கு விடை கிடையாது.