உடல் எவர் உடைமை?

பிறந்த ஊர் ஒன்று, பிழைக்க வந்த ஊர் மற்றொன்று என வாழும் நம்மவர் குடும்பங்களில் ஒருவர் கண் மூடினால், துக்கத்தோடு கூடவே வினாக்களும் வாசலில் வந்து நிற்கின்றன. தகனம் இங்கேயா, சொந்த ஊரிலா? முடிவு சொல்ல வேண்டியவர் மனைவியா, மூத்த மகனா, ஊரிலுள்ள அண்ணனா? மரணத்தை எங்கே பதிவு செய்வது? வங்கியிலுள்ள பணம் யாரைச் சாரும்? அழுது ஓயுமுன்பே உறவு முறிந்த வீடுகள் உண்டு. ஆதலின் இவை பற்றிச் சட்டம் கூறுவது யாது என்பதை அன்பர்கள் ஓரளவேனும் அறிந்து வைத்தல் நலம்.

ஒருவர் விட்டுச் செல்லும் வீடு, நிலம், நகை யாவும் சொத்து. அவருடைய உடல் மட்டும் சொத்தன்று. இக்கொள்கையை விளக்க ஆங்கில நாட்டு வழக்கொன்றை எடுத்துக் காட்டுவது மரபு. க்ரூக்கெண்டன் என்பவர் தம் உடலை எலைசா வில்லியம்ஸ் என்னும் தோழியிடம் ஒப்படைக்க வேண்டும் என உயிலின் பிற்சேர்க்கையில் எழுதினார். அதனை எரித்துவிடுமாறு அவ்வம்மையாருக்குக் கடிதமும் எழுதி வைத்தார். அவர் இறந்ததும் உடல் புதைக்கப்பட்டது. அம்மையாரோ பின்னர் அதனைத் தோண்டியெடுத்து, இத்தாலியிலுள்ள மிலான் நகருக்குக் கொண்டு சென்று எரித்தார். செலவுத் தொகை கேட்டு வழக்கும் தொடுத்தார். 1882இல் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. உடல் எவருடைய சொத்தும் அன்று. எனவே உயிலால் அதனை ஒருவருக்கு வழங்குதல் இயலாது. அடக்கம் செய்யும் வரை அதனை வைத்திருக்கும் உரிமை உயிலை நிறைவேற்றுவோருக்கே உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில் ஈமக்கடன் பற்றி முடிவு செய்யும் உரிமை இன்னாருக்கு அடுத்து இன்னாருக்கு என வரிசைப்படுத்தும் பொதுச் சட்டம் இல்லை. குடும்ப வழக்கமும் உற்றார் இசைவுமே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கின்றன. எனினும், மாண்புடன் நடத்தப்படும் உரிமை உயிர் போன பின்னர் உடலுக்கும் உண்டு என உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியுள்ளது.

உடலைக் குறித்து ஒருவர் எழுதி வைப்பதற்குச் சட்டம் நேரே மதிப்பளிக்கும் துறை ஒன்று உண்டு. அது உறுப்பு தானம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம் உறுப்புகளை மரணத்துக்குப் பின் எடுத்துக்கொள்ள ஒருவர் எழுத்து மூலம் இசைவு தரலாம். குறைந்தது இரு சாட்சிகள் வேண்டும். அவருள் ஒருவரேனும் நெருங்கிய உறவினராயிருத்தல் வேண்டும். அவ்விசைவை அவரே பின்னர் விலக்கிக்கொண்டார் எனக் கருதக் காரணம் இருந்தாலன்றி, உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் துணை செய்தல் கடமை. ஆயினும் அந்த நேரத்தில் மருத்துவர் குடும்பத்தாரின் முகத்தையே பார்ப்பர். எழுதிப் பெட்டியில் பூட்டியது பயன் தராது. வீட்டாரிடம் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது மரணப் பதிவு. உடலை ஊருக்குக் கொண்டு சென்றுவிட்டால் பதிவையும் அங்கேயே செய்துகொள்ளலாம் என நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிர் பிரிந்த இடம் எவ்வெல்லைக்குள் உள்ளதோ அங்குள்ள பதிவாளரிடமே பதிதல் வேண்டும். வீட்டில் நேர்ந்த மரணத்தைக் குடும்பத் தலைவரும், மருத்துவமனையில் நேர்ந்ததை அதன் பொறுப்பு மருத்துவரும் அறிவித்தல் வேண்டும். 21 நாட்களுக்குள் அறிவித்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்படும். இரயில்வேயில் பணிபுரிபவன் என்ற முறையில் இன்னுமொன்று கூறுவேன்: ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் வண்டிப் பொறுப்பாளர் அறிவித்தல் வேண்டும் என்பது விதி. சான்றிதழ் பெறச் செல்வோர் அவ்விடத்தையே நாட வேண்டும்.

இனிப் பணம். 'நாமினி' எனக் குறிக்கப்பட்டவரே உரிமையாளர் என்னும் எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. 1967இல் உயில் எழுதாமல் இறந்த ஒருவர், 10,000 ரூபாய் வீதம் இரண்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகளை விட்டுச் சென்றார். நாமினி அவர் மனைவி. தாயும் மகனும் பங்கு கேட்டனர். 1984இல் உச்ச நீதிமன்றம், நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி முழு உரிமையாளர் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. நாமினி பெற்றோராகவோ, கணவன் அல்லது மனைவியாகவோ, மக்களாகவோ இருப்பின் பயனுரிமை அவர்க்கே. வங்கி வைப்புத் தொகைக்குப் பழைய கொள்கையே பொருந்தும். கம்பெனிப் பங்குகளுக்கும் அவ்வாறே என 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆயின் வாரிசு யார்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலின்றி இறந்த ஆடவரின் முதல் வகுப்பு வாரிசுகளுள் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் தாயும் ஒருவர். தந்தைக்கு அவ்வகுப்பில் இடமில்லை. மாதந்தோறும் மகன் அனுப்பிய பணத்தால் ஊரில் உயிர் வாழ்ந்த முதிய தாயை மறந்து இங்கே பங்கு பிரிப்பது நன்றிகேடு மட்டுமன்று, சட்ட விரோதமும் ஆகும்.

ஈமச் செலவைக் குறித்தும் சட்டம் மனிதத் தன்மையுடன் பேசுகிறது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, இறந்தவரின் சொத்திலிருந்து அவர் நிலைக்குத் தக்க ஈமச் செலவும் இறுதிக்கால மருத்துவச் செலவும் மற்றக் கடன்களுக்கு முன்னதாகவே தீர்க்கப்படல் வேண்டும். கடன் கொடுத்தவர் காத்திருக்கலாம்; சிதை காத்திருக்கலாகாது.

உடலை எவரும் உடைமை கொண்டாட முடியாது. அதற்குச் செய்ய வேண்டிய கடமைதான் நமக்கு உண்டு. நாம் வாழும்போதே நம் விருப்பத்தை வீட்டாரிடம் கூறுவோம். இரு சாட்சிகளுடன் உயில் எழுதுவோம்; அதனைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்பதில்லை. பாலிசியும் பாஸ் புத்தகமும் இருக்குமிடத்தை மனைவி மக்கள் அறியட்டும். இது அமங்கலப் பேச்சன்று. அந்நிய மண்ணில், ஒரே இரவில் தனித்து நிற்கப் போகும் ஒருவருக்கு நாம் முன்கூட்டியே செய்யும் உதவி.