பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டா?

போன மாதம் என் நாத்தனார் மகளுக்குத் தலைப் பிரசவம். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே நாத்தனார் மார்க்கெட்டுக்கு ஓடி, ஒரு கிலோ பால் சுறா வாங்கி வந்துவிட்டாள்.

"புட்டு பண்ணிப் போட்டா பால் நல்லா ஊறும் அண்ணி!" என்று பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். வேண்டாம் என்றேன்.

"ஏன், எங்க அம்மா எனக்குப் பண்ணிப் போடலையா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, கடலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கடலில் சமையல் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அடுப்பு, சூரியன். வெயிலையும் தண்ணீரில் கரைந்த சத்துக்களையும் கொண்டு அவை வளர்கின்றன. பாசியைப் பொடி உயிரினங்கள் தின்கின்றன. இரண்டையும் மத்தி வடிகட்டித் தின்கிறது. மத்தியைப் பெரிய மீன் தின்கிறது. அதையும் விழுங்கப் பெரிய சுறா இருக்கிறது.

ஒவ்வொரு படியிலும் நஷ்டம்தான். தின்றதில் பெரும்பகுதி நீந்தவும் மூச்சு விடவும் செலவாகிச் சூடாகப் போய்விடும். உடம்பில் சேருவது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. 1,000 கிலோ பாசி, 100 கிலோ பொடி உயிரினம், 10 கிலோ மத்தி, 1 கிலோ பெரிய மீன் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளுங்களேன். மத்தி கூடை கூடையாக வருவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

போன சக்தி போனதுதான். சூரியன் தினமும் புதிதாகத் தர வேண்டும். பொருள் அப்படியல்ல. செத்த மீனைப் பாக்டீரியாக்கள் சிதைக்க, சத்து மறுபடி தண்ணீருக்கே போய்ப் பாசிக்கு உரமாகிறது.

இந்தச் சுற்றில் லேசில் வெளியேறாத பொருள் ஒன்று நுழைந்தால்? அதுதான் பாதரசம். நிலக்கரிப் புகையிலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் கடலுக்கு வருவதைப் பாக்டீரியாக்கள் மெதில் பாதரசமாக்குகின்றன. அது மீனின் சதையோடு ஒட்டிக்கொள்கிறது. சக்தி படிக்குப் படி குறைய, இது படிக்குப் படி கூடுகிறது! அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊர். 1932 முதல் 1968 வரை அங்கே ஒரு ரசாயன ஆலை பாதரசக் கழிவை வளைகுடாவில் விட்டது. மீன் தின்ற பூனைகள் ஆடி ஆடிச் செத்தன. 1956-ல் மனிதருக்கும் அந்த நோய் என்று தெரிந்தது. தாய்மார் சிலருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை; அவர்கள் பெற்ற குழந்தைகளோ மூளை பாதித்துப் பிறந்தன. தாய் உடம்பு விஷத்தைக் கருவுக்குக் கடத்திவிட்டிருந்தது. நம் ஊரில் தாயத்தில் வைப்பது போல் அங்கேயும் தொப்புள்கொடியைக் காய வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். பிற்பாடு அதைச் சோதித்தபோது பாதரசம் இருந்தது.

நம் கடல் மினமாட்டா அல்ல, பயம் வேண்டாம். ஆனாலும் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. "பால் சுறா சின்ன ஜாதிதானே?" என்பீர்கள். அதுவும் மீனைத் தின்று வாழ்வதுதான். தவிர, துண்டு போட்டு விற்பது எந்தச் சுறா என்று யார் கண்டது?

அதற்காக மீனையே நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு மத்தியிலும் நெத்திலியிலும் இருக்கிறது. பால் ஊறுவதற்கோ, பிள்ளை அடிக்கடி குடிப்பதுதான் முதல் மருந்து.

நாத்தனார் முணுமுணுத்தபடியே மறுநாள் மத்தி வாங்கினாள். அவித்து, முள் ஆய்ந்து, உதிர்த்து, அதே பூண்டும் மிளகும் போட்டுப் புட்டாக்கினாள். சுறாவை என் வீட்டுக்காரர் குழம்பில் முடித்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று மகள் தட்டை நீட்டியபோது, நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!