பெற்றோல் செலவும் ஒரு சின்ன சென்சரும்

கற்பிட்டியிலிருந்து பேலியகொடைக்கு மீன் ஏற்றும் வியாபாரி ஒருவர் தனது வேனைப் பற்றிச் சொன்ன முறைப்பாடு இது. அதே பாதை, அதே சுமை, அதே சாரதி. ஆனால் பெற்றோல் முன்னரைவிடக் கூடுதலாகப் போகிறது. பகலில் வாடியில் நிறுத்தி, ஐஸும் மீனும் ஏற்றி முடித்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் இருமுகிறது. பாலாவி தாண்டும் வரை இழுவை இல்லை. ஏற்றத்தில் மிதித்தால் ‘டக் டக்’ என்று தட்டுகிறது.

“பம்ப் போயிட்டு நானா” என்றார்கள் ஒரு கராஜில். பம்ப் மாற்றினார். பின்னர் பிளக் மாற்றினார், இன்ஜெக்டர் கழுவினார். நோய் அப்படியே இருந்தது. கடைசியில் வேறொரு பாஸ் கண்டுபிடித்தது, விரல் அளவான ஒரு சென்சர் தவறான இடத்தில் பூட்டப்பட்டிருந்ததைத்தான்.

ஈ.எஃப்.ஐ. எஞ்சின் உள்ள வாகனங்களில் உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்க ஒரு சென்சர் உண்டு. கார்புரேட்டர் உள்ள பழைய ஆட்டோக்களில் இது இல்லை. காற்று சூடானால் அது விரிந்து அடர்த்தி குறையும். ஆகவே அதற்கேற்ப பெற்றோலையும் குறைக்க வேண்டும். சூட்டில் 10 பாகை கூடினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் குறைகிறது. இந்தக் கணக்கைப் போடுவது வாகனத்தின் கம்பியூட்டர். அதற்குத் தகவல் சொல்வது இந்தச் சென்சர்.

இப்போது அந்த வேனின் கதையைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம்மில் பலர் வாகனத்தை மாற்ற முடியாமல் எஞ்சினை மாற்றி ஓடினோம். இவரும் அப்படித்தான். எஞ்சினை இறக்கி ஏற்றியபோது பழைய எயார் கிளீனர் பெட்டி உடைந்துவிட்டது. அதில் இருந்த சென்சரைக் கழற்றி, கைக்கு வசதியாக இருந்த அலுமினிய மெனிபோல்டில் துளையிட்டுப் பூட்டிவிட்டார்கள். வாகனம் ஓடியது, எவரும் அதைக் கவனிக்கவில்லை.

மெனிபோல்ட் எஞ்சின் சூட்டை வாங்கும் உலோகம். அரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தினால் அதில் பூட்டிய சென்சரும் அந்தச் சூட்டையே வாங்கிக்கொள்கிறது. உள்ளே போகும் காற்று 35 பாகை, சென்சர் சொல்வது 65 பாகை என்று வைத்துக்கொள்வோம். கம்பியூட்டர் தேவையைவிட ஏறக்குறைய 9 வீதம் குறைவாகப் பெற்றோல் கொடுக்கும். சூட்டுக்குப் பயந்து தீப்பொறியையும் பிந்த விடும். இழுவை போகும், சாரதி இன்னும் அழுத்தி மிதிப்பான். குறைவாகக் கொடுக்கப்பட்ட பெற்றோல் கடைசியில் கூடுதல் செலவாக முடிவது இப்படித்தான்.

சாதாரண ஓட்டத்தில் புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் இந்தப் பிழையை ஓரளவு திருத்திவிடும். அதனால்தான் நோய் சீக்கிரம் பிடிபடுவதில்லை. முழுச் சுமையோடு அழுத்தி மிதிக்கும்போது அந்தத் திருத்தம் வேலை செய்யாது. எஞ்சின் தட்டுவது அப்போதுதான். பிஸ்டன் கெடுவதும் அந்தத் தட்டலினால்தான்.

அப்படியானால் சரியான இடம் எது? எயார் ஃபில்டருக்கும் திறொட்டிலுக்கும் இடையில், பிளாஸ்டிக் பெட்டியிலோ ரப்பர் ஹோஸிலோ, முனை காற்றோட்டத்தின் நடுவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உலோகத்தைத் தொடக்கூடாது. டர்போ உள்ள எஞ்சினில் இன்டர்கூலருக்குப் பின்னால் வர வேண்டும். துளையிடுவதானால் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்துத் துளையிடுங்கள். பிளாஸ்டிக் தூள் எஞ்சினுக்குள் போனால் வேறு கதையாகிவிடும். ரப்பர் வளையம் போட்டு இறுக்கமாக மூட வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் நமது கரையோர மணல் தூசி நேரே உள்ளே போகும்.

ஒரு எச்சரிக்கை. சில எஞ்சின்களில் கம்பனியே சென்சரை மெனிபோல்டில் வைத்திருக்கும். அந்தக் கம்பியூட்டரின் கணக்கு அந்த இடத்தை வைத்தே போடப்பட்டது. அதை அசைக்க வேண்டாம். காற்றளவு மீட்டரோடு சேர்ந்து வரும் சென்சருக்கும் அதே விதி.

சென்சர் சரியான இடத்தில் இருந்தும் சூடு காட்டினால் என்ன? அப்போது அது உண்மையைச் சொல்கிறதா என்று பாருங்கள். டவுன்ஏஸ், எவ்ரி போன்ற வேன்களில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ எஞ்சின் தனது சூட்டையே மூச்சாக இழுக்கும். குற்றம் குழாயில் இருக்கும்போது சென்சரை மாற்றி என்ன பயன்?

இதற்கு நேர்மாறான நோயும் நமது பகுதியில் உண்டு. உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் பட்டு சென்சரின் பிளக் பச்சை பூக்கிறது. இந்தச் சென்சரின் தடை சூட்டில் குறையும், குளிரில் கூடும். பல ஜப்பானிய வாகனங்களில் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். களிம்பு ஓர் ஆயிரம் ஓம் சேர்த்துவிட்டால் 35 பாகைக் காற்று ஏறக்குறைய 20 பாகையாகத் தெரியும். கம்பியூட்டர் தேவைக்கு மேல் பெற்றோல் ஊற்றும்.

‘பவர் சிப்’ என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் சாமான்கள் பலவும் செய்வது இதே வேலைதான். உள்ளே இருப்பது ஒரு சாதாரண ரெசிஸ்டர். இந்தச் சென்சரின் வயரில் அதைச் செருகி, காற்று குளிர் என்று கம்பியூட்டரை ஏமாற்றுகிறார்கள். களிம்பு இலவசமாகச் செய்வதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? இதைத் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் உதிரிப்பாகக் கடைக்காரர்கள் ஒரு தடவை உடைத்துப் பார்ப்பது நல்லது.

சோதிப்பது லேசு. இரவு முழுக்க நின்ற வாகனத்தை, சுபஹுக்குப் பிறகு ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் பாருங்கள். காற்றின் சூடும் ரேடியேட்டர் தண்ணீரின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கால் மணித்தியாலம் ஓடுங்கள். நிற்கும்போது இலக்கம் ஏறுவது இயல்பு. ஓடத் தொடங்கியதும் வெளிக்காற்றை நோக்கி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒன்றில் இடம் பிழை, அல்லது குழாய் பிழை. ஸ்கேனர் பீ0113 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கலாம் அல்லது பிளக் தொடுகை விட்டிருக்கலாம். பீ0112 என்றால் எங்கோ வயர் ஷோர்ட் ஆகியிருக்கிறது.

அந்த வியாபாரி பழைய எயார் கிளீனர் பெட்டியொன்றைத் தேடி வாங்கி, சென்சரை அதில் பூட்டி, மெனிபோல்ட் துளையை அடைத்தார். பிளக்கையும் புதிதாகப் போட்டார். இப்போது பகலில் ஏற்றினாலும் வேன் இருமாமல் கிளம்புகிறது. கழற்றி வைத்த பழைய பம்ப் இன்னும் அவருடைய வாடியில் ஒரு பெட்டியில் கிடக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.