சப்போட்டாக் கொட்டையில் ஒரு வகுப்பு

தாவரவியல் எடுத்துப் படிக்க வரும் பிள்ளைகளை மிரள வைப்பது செல்லோ டி.என்.ஏ.வோ அல்ல, தாவரக் குடும்பங்கள்தான். பெந்தாமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட நூலில் விதைத் தாவரங்களை 202 குடும்பங்களாகப் பிரித்தார்கள். நம் கல்லூரிகளில் இன்றும் அந்த முறைக்குத்தான் முதல் மரியாதை. மலர்ச் சூத்திரத்தை உருப்போட்டுத் தேர்வில் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் நிற்கிற மரம் எந்தக் குடும்பம் என்று தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடம் அப்படி நடக்கிறது.

திருவண்ணாமலையில் இது அப்படி நடக்க வேண்டியதில்லை. 1966இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி உள்ள ஊர் இது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைக்கு இலுப்பைக் கொட்டையைத் தெரியும், சப்போட்டா தெரியும், அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம் என்பதும் தெரியும். மூன்றும் ஒரே குடும்பம், சப்போட்டேசி, என்பதுதான் தெரியாது.

மகிழம்பூவிலிருந்தே தொடங்கலாம். காய்ந்த பிறகும் மணக்கிற இந்தப் பூ, இதழ்களும் மகரந்தத்தாள்களும் ஒட்டியபடி முழுசாகக் கழன்று விழும். நடுவில் ஓட்டை இருப்பதால் ஊசியே இல்லாமல் நாரில் கோத்துவிடலாம். கைலென்சில் பார்த்தால் புல்லி இதழ்கள் நான்கு வெளியே, நான்கு உள்ளே. அல்லி இதழ் எட்டுதான். ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் இதழ் போலவே இரண்டு ஒட்டுறுப்புகள் இருப்பதால் எண்ணினால் இருபத்துநான்கு வரும். உள்ளே எட்டு மகரந்தத்தாள். அவற்றுக்கு இடையிடையே மகரந்தம் தராத மலட்டுத் தாள்கள் எட்டு. ஒரு முறை எண்ணிப் பார்த்தவருக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

அடுத்து கொட்டைகள். மூன்றும் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். மூன்றிலும் பளபளப்பே இல்லாத ஒரு தழும்பு இருக்கும். விதை கனியோடு ஒட்டியிருந்த இடம் அது. சப்போட்டாவிலும் இலுப்பையிலும் தழும்பு ஓரமாக நீண்டு ஓடும். மகிழங்கொட்டையிலோ அடியில் சின்ன வட்டமாக நின்றுவிடும். இந்தக் குடும்பத்தின் பேரினங்களைப் பிரித்தறிய வல்லுநர்கள் பார்க்கிற அடையாளங்களில் இந்தத் தழும்பும் ஒன்று. இலைக்காம்பை ஒடித்தால் மூன்றிலும் வெள்ளைப் பால் கசியும். சப்போட்டாவின் தாயகமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில் அந்த மரத்துப் பாலைக் காய்ச்சித்தான் முன்பு சூயிங்கம் செய்தார்கள்.

கடல் கடந்து வந்த அந்தச் சப்போட்டாவுக்கு இங்கே ஏற்கெனவே ஒரு பங்காளி உண்டு. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் ஓங்கி நிற்கும் பாலை மரம்தான் அது. இலங்கையின் வன்னிப் பகுதிக்காரர்கள் பாலைப்பழம் என்றால் நாவூறுவார்களே, அதே மரம். சப்போட்டாவும் பாலையும் ஒரே குடும்பம் மட்டுமல்ல, மனில்காரா என்ற ஒரே பேரினமும்கூட. நர்சரிக்காரர்களுக்கு இது பழைய செய்தி. பாலைக் கன்றை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் சப்போட்டாவை ஒட்டுக்கட்டுகிறார்கள். நெருங்கிய உறவு இருந்தால்தான் பெரும்பாலும் ஒட்டு பிடிக்கும். வகைப்பாட்டியலுக்கு இதைவிடக் கண்கூடான செய்முறைத் தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

பெந்தாமும் ஹூக்கரும் இந்தக் குடும்பத்தைக் கருங்காலிக் குடும்பத்தோடு ஒரே வரிசையில் வைத்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீட்டை வைத்து 1998 முதல் வெளிவரும் ஏ.பி.ஜி. வகைப்பாட்டில் அந்த இரண்டும் பிரியவில்லை. ஆனால் தேயிலையும் அதே வரிசைக்குள் வந்துவிட்டது. பெயர்ப்பட்டியல் என்று நாம் ஒப்பிக்கிற ஒன்று, ஆதாரம் மாறினால் மாறுகிற கருத்து என்பதை மாணவருக்குச் சொல்ல இந்த ஓர் உதாரணமே போதும்.

தமிழில் கற்பித்தாலும் ஆங்கிலத்தில் கற்பித்தாலும், ஆசிரியர்கள் அடுத்த பருவத்தில் இந்தக் குடும்பத்துக்கு வரும்போது மூன்று கொட்டைகளை மேசையில் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிப் பார்க்கலாம். செலவு, அரைக்கிலோ சப்போட்டா. மகிழம்பூவுக்காகக் கோயில் மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். உதிர்ந்து கிடப்பதே ஒரு வகுப்புக்குப் போதும்.