தாம்பரம்: ரயில் வளர்த்த ஊர்

கடை வைக்கும் முன் இடத்தைப் பார்க்கிறோம். வாடகையையும் முன்பணத்தையும் கேட்கிறோம். அந்த ஊர் எதனால் வளர்ந்தது என்று கேட்பவர்கள் நம்மில் சிலரே. தாம்பரத்தைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

1928-இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி சென்னை நகரை விட்டு, மரங்கள் அடர்ந்த இன்றைய வளாகத்துக்கு வந்தது. 1984-இல் ஏற்றுமதித் தொழில் வளாகம் அமைந்தது. விமானப்படை நிலையமும் இங்கே உண்டு. நோயாளியைப் பார்க்க வந்தவர், மாணவர், படைவீரர் குடும்பம், தொழிலாளர் என்று ஒவ்வொன்றும் ஒருவகை வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது. 1964-இல் நகராட்சியான ஊர், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் முதலியவற்றுடன் சேர்ந்து 2021-இல் மாநகராட்சியாயிற்று.

வந்த கூட்டம் இடம் மாறவும் கூடும். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே மாறின. பயணிகளை மட்டும் நம்பிய கடைக்காரருக்குக் கோயம்பேடு ஒரு பாடம்.

ஆகவே இருவகைச் சரக்கும் வேண்டும் என்கிறோம். மாலை ரயிலில் இறங்குபவர் கையில் பிடித்துப் போகும் அளவுக்கே வாங்குவார். அவருக்குச் சிறு பொட்டலங்கள் தயாராக இருக்கட்டும். தெருக் குடும்பம் மாதச் சாமான் பட்டியலோடு வரும். அங்கே சரியான எடையும் ஒழுங்கான கணக்கும் பேசும். முன்னவர் அன்றைய கல்லாவை நிரப்புவார். பின்னவர் கடையைக் காப்பாற்றுவார்.