‘உனக்கென்ன குறைச்சல்?’: மனச்சோர்வை எப்படி அறிவது, யாரிடம் போவது?

சி.எஸ்.கே. தோற்ற ராத்திரியில் ‘செம டிப்ரஷன் மச்சி’ என்று ஸ்டேட்டஸ் போடுபவருக்குப் பெரும்பாலும் டிப்ரஷன் இருக்காது. உண்மையிலேயே அது உள்ளவர் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதே அபூர்வம். ‘உடம்பெல்லாம் ஒரே அசதி’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துட்டா அப்புறம் தூக்கமே இல்ல டாக்டர்’. குடும்ப மருத்துவரிடம் போய்ச் சேரும் புகார்கள் இவைதான். இசிஜி நார்மல். எண்டாஸ்கோபி நார்மல். ஒரு வைட்டமின், ஒரு கேஸ் மாத்திரை. இப்படியே ஆறேழு மாதம் ஓடிவிடும்.

‘மனச்சோர்வு’ என்ற பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. சோர்ந்தது மனசுதானே, நாலு வார்த்தை ஆறுதல் சொன்னால் தேறிவிடும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் தந்துவிடுகிறது. ஆனால் தூக்கம், பசி, எடை, கவனம், உடம்பின் வேகம் என எல்லாவற்றிலும் கைவைக்கும் நோய் இது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

மருத்துவர்கள் பார்க்கும் முதல் கணக்கு இரண்டு வாரம். அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்க வேண்டும். அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போயிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று கட்டாயம். அதோடு தூக்க மாற்றம், பசி மாற்றம், அசதி, கவனக் குறைவு, பதற்றம் அல்லது மந்தம், ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்ற குற்றவுணர்வு, சாவு பற்றிய எண்ணம் ஆகியவையும் சேர்ந்து மொத்தம் ஐந்தாவது இருந்து, அன்றாட வாழ்க்கையும் தடுமாறினால் அது நோய். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இதைத்தான் கேட்கிறது. அதில் மொத்தம் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் வெறும் எச்சரிக்கை மணிதான். நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது மருத்துவர்.

வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பவரிடம் இது வேறு வேஷத்தில் வரும். ஒரே மெயிலை நாலு தடவை படித்தாலும் மண்டையில் ஏறாது. அம்மா ‘சாப்டியா?’ என்று கேட்டால்கூட எரிச்சல். நெருங்கிய நண்பனின் போனை எடுக்க மனசு வராது. சனி, ஞாயிறு முழுக்கப் படுக்கையில் ரீல்ஸ். அதில் ஒன்றுகூடச் சிரிக்க வைத்திருக்காது. சம்பளம் வருகிறது, அட்டெண்டன்ஸ் இருக்கிறது. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘உனக்கென்ன குறைச்சல்?’

தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவையும் இதே போன்ற சோர்வைத் தரும். மனநல மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

முதலில் வந்தது திருச்சிக்கு

ஒரு காலத்தில் மனநல சிகிச்சை என்றால் ‘கீழ்ப்பாக்கம்’தான். அந்தப் பெயரே கேலிப்பேச்சாகவும் ஆனது. அந்த நிலையை மாற்ற, 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்த மாதிரியை வைத்து, 1996இல் மாவட்ட மனநலத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்த மாவட்டம் திருச்சி, 1997இல். இன்று புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை.

சிகிச்சை பக்கத்தில் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. தயக்கம் மட்டும் நகரவில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்சினைகள் உள்ளவர்களில் சுமார் 85% பேர் சிகிச்சைக்கே போவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் யார் வீட்டுப் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். தில்லைநகர் கிளினிக் ஒன்றின் வாசலில் தெரிந்த முகம் ஒன்று பார்த்துவிட்டால்? நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வந்தால்? பயம் நியாயமானதுதான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். (பெரும்பாலான பாலிசிகள் அட்மிஷனுக்குத்தான் பணம் தரும், கவுன்சலிங் கட்டணத்துக்கு ஓ.பி. கவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.) வாசலில் நிற்கவே கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தொடங்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

‘பெருமாளை சேவிச்சுட்டு வா, எல்லாம் சரியாயிடும்’ என்று பெரியவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது. சேலம் சாலையில், திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள குணசீலம் கோயிலில் மனநோய் உள்ளவர்களை 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தீ விபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த பிறகு இப்படிப்பட்ட இடங்கள் மீது அரசின் பார்வை திரும்பியது. இன்று குணசீலத்திலேயே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். கோயிலா, டாக்டரா என்ற சண்டை அங்கேயே இல்லாதபோது வீட்டில் எதற்கு?

யாரிடம் போவது?

மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சு சிகிச்சை, அதாவது தெரபி தருவதில் பயிற்சி பெற்றவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். சில மாதச் சான்றிதழ் படிப்போடு ‘கவுன்சலர்’ பலகை மாட்டுபவர்களும் உண்டு என்பதால் பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான்: எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா. முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தில், தூக்கமே தேவைப்படாமல் இருந்ததுண்டா என்றும் கேட்பார். மறைக்காமல் சொல்ல வேண்டும். அது பைபோலார் நோயாக இருந்தால் சிகிச்சையே வேறு.

தெரபி என்றால் சோபாவில் படுத்துக்கொண்டு சிறுவயதுக் கதை சொல்வது என்பது சினிமா. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பயிற்சி தரப்பட்ட சாதாரண ஆட்கள், வாரம் ஒருமுறை, 6 முதல் 8 சந்திப்புகள். அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39% பேர் மூன்று மாதத்தில் நோயிலிருந்து மீண்டார்கள். இந்தச் சந்திப்புகளும் கிடைத்தவர்களில் 64% பேர். அங்கே செய்தது சின்னச் சின்னச் செயல்களுக்குத் திரும்ப வைத்ததுதான். ஸ்ரீரங்கத்துக்காரர் என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வருவதே முதல் வார வீட்டுப்பாடமாக இருக்கலாம். மனசு வந்த பிறகு நடப்பதல்ல. நடந்தால் மனசு பின்னால் வரும் என்ற கணக்கு.

மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டல் போன்ற தொந்தரவுகள் அதற்கு முன்பே தலைகாட்டும் என்பதால், பலர் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். ‘அடிமையாக்கிடும்’ என்ற பயம் பெரும்பாலும் தூக்க மாத்திரையோடு குழப்பிக்கொள்வதால் வருவது. ஆனால் எதையும் சட்டென்று, தானாக நிறுத்தக் கூடாது.

கூட இருப்பவர்கள் ‘உனக்கென்ன குறைச்சல்’ என்பதற்குப் பதிலாக ‘நானும் கூட வரேன், சாயங்காலம் போலாமா?’ என்று கேட்டுப் பார்க்கலாம். ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதே பலருக்கு ஆறுதல். ஆமாம் என்றால் தனியாக விடக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். 14416 தவிர 104, சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050 ஆகிய எண்களிலும் பேசலாம்.